படுதாவுக்குப் பின்னால் சிரித்தவள்

நாடகத்தில் வசனம் எடுத்துக் கொடுக்கிறவளுக்குச் சிரிக்க உரிமை கிடையாது. கொட்டாவி விடலாம். கொசு கடித்தால் ஒரு கையால் அடித்துக்கொள்ளலாம். சோகக் காட்சியில் மூக்கைச் சிந்தினால்கூட யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சிரிக்க மட்டும் கூடாது. சிரித்தால் கண்ணில் தண்ணீர் வரும். தண்ணீர் வந்தால் எழுத்து தெரியாது. எழுத்து தெரியாமல் போனால் மேடையில் நிற்கிற ஆள் அவ்வளவுதான். இதெல்லாம் எனக்குப் பதினேழு வயதிலேயே தெரியும். தெரிந்தும் ஒருநாள் சிரித்தேன். அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனதெல்லாம் என் அண்ணனுக்கு.

என்னைச் சிரிப்புக் கதைக்காரி என்றுதான் இந்த ஊரில் சொல்வார்கள். பதினொரு நாவல் எழுதியிருக்கிறேன், பதினொன்றும் சிரிப்பு நாவல். எனக்கு நகைச்சுவை எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தவர்கள் மேல்நாட்டு ஆசிரியர் பெயர்களையெல்லாம் கொண்டுவந்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேரை நான் படித்ததே இல்லை ஐயா, மீதிப் பாதி எனக்குப் புரியவில்லை. நான் படித்ததெல்லாம் ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்துதான். மேடையில் சைடு படுதாவுக்குப் பின்னால் அதைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். அதன்மேல் நான், என் மடியில் நாடக நோட்டு, கையில் டார்ச்சு.

எங்கள் அப்பாவுக்கு மலையாளக்கரையில், ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்தக்கடை. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் பார்த்தான். மூட்டை பிரிக்கிற நேரத்தில் அந்தச் சந்தில் போகிறவர்கள் எல்லாரும் தும்முவார்கள். அண்ணன் மட்டும் தும்மலையும் நடித்துக் காட்டுவான். வக்கீல் தும்மல், போலீஸ்காரன் தும்மல், மாமியார் முன்னால் தும்மலை அடக்குகிற புதுப்பெண்ணின் தும்மல். சரக்கெடுக்க வந்தவர்கள் மூட்டையை விட்டுவிட்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்பா உள்ளேயிருந்து, "லேய், யாவாரத்தப் பாருலே" என்று கத்துவார். கத்திவிட்டு அவரும் சிரிப்பார்.

அந்தத் தெருவின் தமிழ்க்கடைக்காரர்கள் சிலர், இரண்டு பாங்கு குமாஸ்தாக்கள், ஒரு தையல்காரர் எல்லாரும் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு இரண்டு நாடகம். எழுதி இயக்குகிறவர் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். சிரிப்பு வேஷம் என்றால் அது அண்ணனுக்குத்தான். என் கையெழுத்து முத்துமுத்தாக இருந்ததால் நாடகத்தைப் பிரதி எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். எழுதின கை என்பதால் எந்த வசனம் எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரிந்தது. அண்ணனோடு போய் அண்ணனோடு வருகிற பெண்ணை ஊர் ஒன்றும் சொல்லாது என்று அம்மாவும் விட்டாள். அப்படித்தான் நான் எடுத்துக் கொடுக்கிறவள் ஆனேன்.

அதற்கு ஒரு முறை உண்டு. முழு வசனத்தையும் சொல்லக்கூடாது. முதல் இரண்டு வார்த்தை போதும், மீதி அவன் நாக்கில் தானாக வரும். நடிக்கிறவன் கேட்காமல் கொடுக்கக்கூடாது, அது அவனை அவமானப்படுத்துவது. கேட்பதற்கு ஒவ்வொருத்தருக்கும் ஒரு சைகை உண்டு. அண்ணன் தோளில் கிடக்கிற துண்டை ஒரு தடவை அழுத்துவான். அழுத்தும்போது படுதாப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டான். திரும்பினால் சபைக்குத் தெரிந்துவிடும். நல்ல நடிகன் என்ன ஆனாலும் படுதாப் பக்கம் பார்க்கமாட்டான் என்பது அவன் கொள்கை. அவன் துண்டை அழுத்த வேண்டியது, நான் இரண்டு வார்த்தை கொடுக்க வேண்டியது. ஐந்து வருஷம் ஒருமுறைகூடத் தவறியதில்லை. கடைசிக் கடைசியில் அவன் ஒழுங்காகப் பாடம் பண்ணுவதையே விட்டுவிட்டான். வாத்தியார் சத்தம் போட்டால், "எந்தங்கச்சி இருக்காள்லா, பொறவு எனக்கென்ன" என்பான்.

குழுவில் இன்னொரு வழக்கமும் இருந்தது. நாடகம் முடிந்து தேங்காய் எண்ணெய் போட்டு முகத்து வேஷத்தைத் துடைத்துவிட்டால், மேடையில் யார் என்ன தப்பு விட்டார்கள் என்று பேசக்கூடாது. அன்றைக்கும் கூடாது, என்றைக்கும் கூடாது. நான் சேர்வதற்கு முன்னால் ஒரு ராஜாவும் ஒரு மந்திரியும் விட்டுப்போன ஒரு வசனத்துக்காகச் சண்டை போட்டு, எதிரெதிரே கடை வைத்துக்கொண்டு நாலு வருஷம் முகத்தில் முழிக்காமல் இருந்தார்களாம். அதற்குப் பிறகு வாத்தியார் போட்ட சட்டம் இது. "எண்ணெயோட போச்சு" என்பார். நாங்கள் கோயில் நடைமுறை மாதிரி அதைக் காப்பாற்றினோம். அந்தச் சட்டம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

மரப்பெட்டியில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன். வசனத்துக்கு யாரும் சிரிப்பதில்லை. வசனத்தைச் சொல்லிவிட்டு ஆள் ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்கிறான் பாருங்கள், அங்கேதான் சிரிக்கிறார்கள். என் நாவலில் பாரா முடிகிற இடமெல்லாம் அந்த மூச்சுத்தான். அப்புறம், என் கதைகளில் எந்த வீட்டுக்கும் இரண்டு வாசல் இருக்கும். ஒன்றில் ஒருத்தன் வெளியே போகும்போது மற்றதில் அவன் பார்க்கக்கூடாத ஆள் உள்ளே வருவான். அது எங்கள் மேடையின் இரண்டு பக்கம், வேறென்ன. சபை எங்கே இருமுகிறது என்று நோட்டில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன், அடுத்த தடவை வாத்தியார் அந்த இடத்தை வெட்டுவார். இன்றைக்கும் எழுதியதை அடுக்களையில் நின்று சத்தமாக வாசிக்கிறேன். எனக்கே தொண்டை அரிக்கிற இடத்தை வெட்டிவிடுகிறேன்.

எல்லாவற்றையும்விட, தான் வேடிக்கையான ஆள் என்று தெரிந்தவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை என்று கற்றுக்கொண்டேன். அண்ணனுக்கு மேடையில் அது தெரியவே தெரியாது. உலகமே தன்மேல் இடிந்து விழுகிறது என்ற முகத்தோடு நிற்பான், சபை உருண்டு புரளும். என் பதினொரு நாவலிலும் வருகிற மாமா, சித்தப்பா, தரகர், பஞ்சாயத்துத் தலைவர் எல்லாம் அவன்தான். அவன் நடை, அவன் துண்டு, அவன் முழி. வேறு ஆளை எனக்கு எழுதத் தெரியாது.

அந்த நாளுக்கு வருகிறேன்.

அன்றைய நாடகத்தில் அண்ணனுக்கு, ஒரே பையனுக்கு இரண்டு வீட்டில் பெண் கேட்டுப் பேசி முடித்துவிட்ட அப்பன் வேஷம். இரண்டு சம்பந்தி வீட்டாரும் ஒரே நாளில் வந்துவிடுகிறார்கள். ஒரு கூட்டத்தை முன்னறையிலும் இன்னொரு கூட்டத்தை அடுக்களையிலும் உட்கார வைத்துவிட்டு, நடுவில் கிடந்து ஓடுகிறான். சாயங்கால நாடகம். உட்கார இடமில்லாமல் சுவரோரம் எல்லாம் ஆட்கள். அண்ணனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மதினி மூன்றாவது வரிசையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை நடிப்பதைப் பார்க்க அவள் அப்பா, அம்மா, தம்பிமார் எல்லாரும் நாகர்கோவிலிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள்.

முன்னறைக் கதவைத் திறந்துகொண்டு அண்ணன் வெற்றிலைத் தாம்பாளத்தோடு வர வேண்டும். தையல்காரர் அடித்த அட்டைக் கதவு. இழுத்ததும் கைப்பிடி கழன்று அவன் கையோடு வந்துவிட்டது. வேறு எவனாவது இருந்தால் பேந்தப் பேந்த முழித்திருப்பான். அண்ணன் அந்தக் கைப்பிடியை ஒரு தடவை பார்த்தான். பிறகு மரியாதையாகத் தாம்பாளத்தில் வெற்றிலைக்கு நடுவில் வைத்துச் சம்பந்தியிடம் நீட்டினான். "எங்க குடும்பத்து வழக்கம். மொதல்ல இதத்தான் குடுப்போம்" என்றான். சம்பந்தியாக நடித்த பாங்கு குமாஸ்தாவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் கட்டிக்கொண்டார்.

சபை வெடித்தது. நானும்தான். அம்மாடி, அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நோட்டின்மேல் கவிழ்ந்துவிட்டேன். வயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது. நோட்டு மடியிலிருந்து சரிந்து விழுந்தது. டார்ச்சு உருண்டு படுதாவுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து தேடினேன், குனிந்ததும் அந்தக் கைப்பிடி கண்ணுக்குள் வந்தது, மறுபடியும் சிரிப்பு.

நிமிர்ந்தபோது அண்ணன் அடுக்களைப் பக்கம் நின்றிருந்தான். நாடகத்திலேயே நீளமான வசனம் அங்கேதான். கை துண்டில் இருந்தது. எத்தனையாவது தடவை அழுத்துகிறான் என்று எனக்குத் தெரியாது. நோட்டை எடுத்தேன், எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்தேன், எழுத்து கலங்கியது. மனப்பாடமாகத் தெரிந்த வசனம்தானே, சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். காற்றும் சிரிப்பும்தான் வந்தது. அண்ணன் மறுபடியும் அழுத்தினான். படுதாப் பக்கம் பார்க்கவில்லை. நேரே சபையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கழுத்தில் வேர்வை இறங்கி அரிதாரம் கோடு கோடாக ஆனது எனக்குத் தெரிந்தது.

சபையின் சிரிப்பு அடங்கியது. அடங்கி, அமைதியாகி, அந்த அமைதி நீண்டது. பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "அண்ணாச்சி, கடை அடைச்சாச்சா?" என்று கத்தினான். இப்போது மறுபடியும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு. படுதா இழுக்கிறவர் பயந்துபோய்ப் படுதாவை இறக்கிவிட்டார். நாடகம் அத்தோடு முடிந்தது. மதினி வீட்டார் கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லி மாப்பிள்ளையைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார்கள்.

ஒப்பனை அறையில் அண்ணன் எண்ணெய் போட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் வாசலில் போய் நின்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். "போலாமாட்டி?" என்றான். அவ்வளவுதான். பத்தடி தூரத்தில் நான் சிரித்தது அவன் காதில் விழாமல் இருந்திருக்காது என்று நினைத்தேன். தெரிந்தே பேசாமல் இருக்கிறான், வழக்கத்தைக் காப்பாற்றுகிறான் என்று நினைத்தேன். எண்ணெயோட போச்சு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அந்தச் சட்டத்தை அன்றைக்குக் கும்பிட்டேன். கோழை எதைத்தான் கும்பிடமாட்டாள்?

அடுத்த நாடகத்துக்கு வாத்தியார் வந்து கேட்டபோது, கடையில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டான். அதற்கடுத்த தடவையும் அதையே சொன்னான். பிறகு யாரும் கேட்கவில்லை. தும்மலை நடித்துக் காட்டுவதும் நின்றுபோனது. என்மேல் கோபம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கோபப்படுகிறவன் ஓணத்துக்குச் சேலை எடுத்துத் தருவானா, எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஊர் ஊராக அலைவானா? அது எனக்குப் புரியவே இல்லை. புரியாததை மேலும் கிளறாமல் இருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

மூன்று வருஷம் கழித்து முதல் நாவலை எழுதினேன். இங்கேதான் நான் செய்தது பெரிய பாவம். அதில் ஒரு மிளகாய் வியாபாரி மேடையில் வசனம் மறந்து நிற்கிற அத்தியாயம் உண்டு. முதலில் எழுதியபோது படுதாவுக்குப் பின்னால் ஒருத்தியை உட்கார வைத்து, அவள் சிரித்ததையும் எழுதினேன். அப்படியாவது சொல்லிவிடலாம் என்றுதான். அடுக்களையில் நின்று வாசித்துப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. அவளைப் பார்த்தால் வாசிக்கிறவனுக்குக் கோபம் வந்தது, அவனைப் பார்த்தால் பாவமாக இருந்தது. தானாக மறந்தவனைப் பார்த்துச் சிரிக்கலாம், அடுத்தவள் கைவிட்டதால் நிற்கிறவனைப் பார்த்து எப்படிச் சிரிப்பது? இதுவும் மரப்பெட்டியில் கற்றதுதான். பென்சிலை எடுத்து அவளை வெட்டினேன். அத்தியாயம் பிரமாதமாக வந்துவிட்டது. பின்வரிசைக்காரன் கத்தியதை மட்டும் ஒரு எழுத்து மாற்றாமல் போட்டேன்.

அந்த அத்தியாயம்தான் எனக்குப் பேர் வாங்கித் தந்தது. கூட்டத்துக்குப் போனால் அதைத்தான் வாசிக்கச் சொல்வார்கள். ஆரியசாலையில் எல்லாருக்கும் ஆள் யார் என்று தெரியும். அண்ணன் கடையைத் தாண்டிப் போகிறவர்கள், "அண்ணாச்சி, கடை அடைச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். "இல்லடே, தொறந்துதான் கெடக்கு" என்று அவனும் சிரிப்பான். வருஷக்கணக்கில் சிரித்தான். புத்தகத்தைக் கொடுத்தபோது இரண்டு நாளில் படித்துவிட்டு, "கொள்ளாம் பிள்ளே, நல்லாருக்கு. அந்த மேடை சீன்ல நெறைய சிரிச்சேன்" என்றான். அதில் ஒரு குத்தல் இருக்கும் என்று தேடினேன். இல்லை. இல்லாததே எனக்குக் குத்தியது.

சொல்லிவிட வேண்டும், ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து, "அன்னைக்கு நான்தான் அண்ணே" என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காத வருஷம் இல்லை. அப்பா இறந்தபோது நினைத்தேன். என் மகள் கல்யாணப் பந்தியில் அவன் இலை போட்டுக்கொண்டிருந்தபோது நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் மென்று விழுங்கினேன். ஒரு நாவல் முடிந்து அடுத்த நாவல் வந்தது. ஒவ்வொன்றிலும் அவனைப் பிடித்து இழுத்துவந்து சிரிக்க வைத்தேன். மேடை வேண்டாம் என்று போனவனை நான் விடவில்லை.

போன வருஷம் அவனுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. இத்தனை வருஷம் சுவாசித்த மிளகாய்ப் பொடி நுரையீரலில் போய் உட்கார்ந்திருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒருநாள் மத்தியானம், மதினி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். இனி விட்டால் கிடைக்காது என்று எனக்குத் தெரிந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தேன்.

"அண்ணே, அந்த நாடகம்... அந்த ரெண்டு சம்பந்தி நாடகம்..."

மூக்கில் குழாயோடு கையைத் தூக்கி என்னை நிறுத்தினான்.

"அதப் பேசப்படாதுல்லா. எண்ணெ போட்டுத் தொடச்சாச்சு."

"இல்ல அண்ணே, நான் ஒண்ணு சொல்லணும்."

"வேண்டாம் பிள்ளே." கண்ணை மூடிக்கொண்டான். "அத நெனச்சா இன்னும் ஒடம்பு கூசுது. விட்டிரு."

மன்னித்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு சுலபமாக எடுத்துக்கொண்டேன் தெரியுமா? மனசு லேசாகிவிட்டது. திரும்பும் வழியில் தம்பானூரில் ஒரு ஓட்டலில் ஏறி இரண்டு தோசை சாப்பிட்டேன், காப்பி குடித்தேன். எட்டு நாளில் அண்ணன் போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, தமிழ் ஆட்கள் சேர்ந்து தம்பானூர் பக்கம் ஒரு சின்ன ஹாலில் நினைவுக்கூட்டம் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. நூறு பேர் இருக்கும். பழைய குழுவில் என்னைத் தவிர ஒருத்தரும் மிச்சமில்லை, எல்லாம் அவர்கள் பிள்ளைகளும் என் வாசகர்களும்தான். முன்வரிசையில் மதினி. கூட்டம் நடத்தியவர் என் கையில் முதல் நாவலைக் கொடுத்தார். "சேச்சி, அந்த மேடை அத்தியாயம் ஒண்ணு வாசிக்கணும், கேட்டோ. எல்லாரும் ஒண்ணு சிரிக்கட்டு. அண்ணாச்சிக்கும் அதுதான் இஷ்டம்" என்றார்.

புத்தகத்தை நான் திறக்கவில்லை. மைக்கின் முன்னால் நின்றேன். அண்ணனிடம் சொல்ல முடியாததை இந்த நூறு பேரிடமாவது சொல்லிவிட வேண்டும், அவன் பேரிலிருந்து அந்தக் களங்கத்தைத் துடைத்துவிட வேண்டும் என்று முடிவு பண்ணியிருந்தேன்.

"இதில் மேடையில் வசனம் மறந்து நிற்கிறவர் என் அண்ணன் என்று உங்களுக்குத் தெரியும்" என்றேன். "அன்றைக்கு அண்ணன்மேல் தப்பே இல்லை. எடுத்துக் கொடுக்க வேண்டிய நான் எடுத்துக் கொடுக்கவில்லை."

இங்கே மூச்சு வாங்க நிறுத்தினேன். சிரிக்க வைப்பதற்காக நிறுத்தவில்லை. சபையில் ஒரு சின்னச் சிரிப்பு கிளம்பியது.

"நான் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்" என்றேன்.

ஹால் முழுக்கச் சிரித்தது. "சிரிக்காதீர்கள்" என்றேன். இன்னும் சிரித்தார்கள். "நான் நிஜமாகச் சொல்கிறேன்" என்றேன், ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டினார். நாற்பது வருஷம் இவர்களைச் சிரிக்கப் பழக்கியவள் நான். எங்கே நிறுத்த வேண்டும், எதை முகத்தில் காட்டாமல் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் என் உடம்பில் ஊறிப்போயிருக்கிறது. அழவேண்டிய இடத்திலும் அது என்னை விடவில்லை. கைதட்டினார்கள். நான் இறங்கி வந்துவிட்டேன். பிரமாதம் சேச்சி என்று ஒருத்தர் கையைக் குலுக்கினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கன்னத்தில் அறையாமல் வந்தது பெரிய காரியம்.

மதினி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளை வீட்டில் விட ஆட்டோ பிடித்தேன். மேம்பாலம் இறங்கியதும் அவள் கேட்டாள்.

"பிள்ளே, நீ இப்பம் அங்க சொன்னது கதையா, நெசமா?"

"நெசம், மதினி."

"எடுத்துக் குடுக்கவே இல்லையா?"

"இல்ல."

"ஒரு வார்த்தகூடவா?"

"ஒரு வார்த்தைகூட இல்ல மதினி. சிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் முந்தானையை எடுத்து மடியில் வைத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். பிறகு வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மறுநாள் காலம்பற உங்கண்ணன் கடை தொறக்கல. என்னையும் கூட்டிக்கிட்டுக் காது டாக்டர்ட்ட போனாவ. 'எந்தங்கச்சி வார்த்த எடுத்துத் தராம இருக்கமாட்டா, அவ தந்திருக்கா, எனக்குத்தான் கேக்கல'ன்னு அவர்ட்ட சொன்னாவ. காதுக்கு ஒரு கொறையும் இல்லன்னு அவரு சொன்னாரு. அவிய நம்பல. இன்னொரு டாக்டர்ட்ட போனாவ. பொறவு நாகர்கோவில்ல ஒருத்தர்ட்ட. எல்லாரும் காது நல்லாத்தான் இருக்குன்னாவ. 'அப்பம் மண்டையிலதான் என்னமோ கோளாறு. சபையில தங்கச்சிக்கு என்னால கெட்ட பேரு, இனி மேட ஏறமாட்டேன்'னு சொல்லிட்டாவ."

எனக்குக் காது அடைத்தது. ஆட்டோ சாலைக் கடைத்தெருவில் நெரிசலில் நின்றிருந்தது. கோபம் இல்லை. மன்னிப்பும் இல்லை. நான் தப்பு விட்டிருப்பேன் என்கிற நினைப்பே அவனுக்கு வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் உடம்பு கூசுது என்றானே, அது அவனை நினைத்து அவன் கூசியது.

"என்னட்ட ஏன் மதினி சொல்லல?"

"உன்னட்ட சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கினாவ. நீ வெசனப்படுவியாம்."

சொல்லிவிட்டு மதினி என் பக்கம் திரும்பினாள். அவள் உதடு கோணிக்கொண்டு வந்தது.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் அவிய மொதல்ல கேட்டது என்னட்டதான். 'நீ முன்னாலதான இருந்த, அவ எடுத்துக் குடுத்தது உனக்குக் கேட்டுதா?'ன்னு. எனக்கு ஒண்ணும் கேக்கல பிள்ளே. வந்து ஆறு மாசம். வந்ததும் அண்ணனையும் தங்கச்சியையும் பிரிச்சுட்டான்னு ஒரு பேரு எனக்கு வரண்டாமேன்னு..."

மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"கேட்டுதுன்னு சொல்லிட்டேன்."

இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் உருவிக்கொண்டாள்.